கிறிஸ்துமஸ் ஸ்பைஸ் பீர்: மசாலாவை எப்போ போடணும், எவ்வளவு போடணும்?

புதுப்பானை

வணக்கம் மக்களே. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்லயே ஒரு ஸ்பைஸ் பீர் போடலாம்னு இருக்கேன், 20 லிட்டர் பேட்ச். பேல் ஏல், கோதுமை பீர், ஸ்டவுட்னு போட்டு கை பழகிடுச்சு, மால்ட்டை (முளைகட்டி உலர்த்தின தானியம்) வெந்நீர்ல ஊறவைக்கற மாஷ், கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூ, அந்தப் பக்கமெல்லாம் பிரச்சனை இல்ல. குழப்பமே மசாலாலதான். ஒருத்தர் கொதி முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போடுங்கறார், இன்னொருத்தர் ஃபெர்மென்டேஷன் (ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலா மாத்தறது) முடிஞ்சப்புறம் போடுங்கறார், இன்னும் சிலர் வோட்கால ஊறவச்சு பாட்டில் பண்ற அன்னைக்கு அந்தச் சாறை ஊத்தச் சொல்றாங்க. அளவும் அப்படித்தான், ஒரு ரெசிபில கிராம்பு 4, இன்னொண்ணுல ஒரு டேபிள்ஸ்பூன், ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கே.

பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஆரஞ்சு தோல், முடிஞ்சா ஏலக்காய், இதுதான் லிஸ்ட். சுமார் 7 சதவீதம் ஆல்கஹால், செம்பழுப்பு நிறம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஏர்லாக்

வாங்க ப்ரோ. நான் கொதியிலதான் போடுவேன், ஏன்னும் சொல்லிடறேன். கொதி நிறுத்தறதுக்கு 5 நிமிஷம் இருக்கும்போது மசாலாவை ஒரு மஸ்லின் பைல கட்டி உள்ள போட்டு, அடுப்பை அணைச்சு வொர்ட்டை (இன்னும் ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) குளிர வைக்கறதுக்கு முன்னாடி பையை எடுத்துடணும், அவ்ளோதான். அந்தச் சூட்டுல கிருமியெல்லாம் போயிடும், பீர் ஃபெர்மென்ட் ஆகும்போது மசாலா வாசனையும் அதோட சேர்ந்து ஒண்ணாயிடும், கிளாஸ்ல குடிக்கும்போது மால்ட் தனி மசாலா தனின்னு துண்டு துண்டா தெரியாது. கடைசில ஊத்துற சாறுல அந்த ஒட்டுதல் வராதுங்கறது என் அபிப்ராயம்.

20 லிட்டருக்கு என் அளவு: சுருள் பட்டை 8 கிராம், முழு கிராம்பு 5, ஜாதிக்காய் துருவினது கால் டீஸ்பூன், பச்சை இஞ்சி 20 கிராம் சீவினது, ஆரஞ்சு தோல் 20 கிராம். ஏலக்காய் போடறதா இருந்தா 5 காய், லேசா நசுக்கி. இதுக்கு மேல போகாதீங்க. அந்த ஒரு டேபிள்ஸ்பூன் கிராம்பு ரெசிபிய தூக்கிப் போட்டுடுங்க, அதைக் குடிச்சா நாக்கு மரத்துப் போயிடும். கிராம்புல இருக்கிற யூஜினாலைத்தான் பல் டாக்டருங்க மரமரப்புக்கு வைக்கறாங்க.

நுரைப்பிரியை

ஏர்லாக் சொன்ன அளவுல எனக்கு சண்டை இல்ல, நல்ல அளவு. ஆனா கொதியில போடறதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. அன்னைக்கு போட்டதுதான், அப்புறம் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. மசாலா ஒண்ணும் மால்ட் மாதிரி லேபிள்ல நம்பர் போட்டு வர்றதில்ல. ஹாப்ஸ் பாக்கெட்டுல, கசப்பு குடுக்கிற ஆல்பா ஆசிட் எத்தனை சதவீதம்னு இருக்கும், கிராம்புல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு எந்த பாக்கெட்டுலயும் இருக்காது. போன மாசம் வந்த பட்டையும் ரெண்டு வருஷமா டப்பால கிடக்கிற பட்டையும் ஒரே 8 கிராம்தான், வாசம் ஒண்ணா?

இன்னொண்ணு. கொதியில போட்டா வாசனைல ஒரு பங்கு ஆவியோட போகும், மிச்சத்துல கொஞ்சத்தை ஃபெர்மென்டேஷன்ல கிளம்புற கார்பன் டை ஆக்சைடு, கேஸ் வெளியேற பாத்திரத்து மூடில வைக்கற ஏர்லாக் வழியா இழுத்துட்டுப் போயிடும். வீடு பூரா மணக்குதுன்னா அந்த மணம் பீர்ல இல்லைன்னுதானே அர்த்தம். பட்டைக்கு இன்னொரு விஷயமும் நடக்குது, அதோட வாசத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடை ஈஸ்ட் சின்னமைல் ஆல்கஹாலா மாத்திடும், அப்போ பட்டையோட அந்தக் காரமான முகப்பு மங்கிடும். நீங்க சொல்ற ஒட்டுதல்ல பாதி இந்த மங்கல்தான்னு நான் நினைக்கறேன்.

அதனால என் ஓட்டு டிங்க்சருக்கு, அதான் வோட்கால ஊறவச்ச அந்தச் சாறு. ஒவ்வொரு மசாலாவையும் தனித்தனி சின்ன பாட்டில்ல 40 சதவீத வோட்கால ஊறவைங்க. எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டுடாதீங்க ப்ளீஸ், அப்படிப் போட்டா கிராம்பு மத்த எல்லாத்தையும் அமுக்கிடும், அப்புறம் பிரிக்க வழியே இல்ல.

கிராவிட்டி1080

ரெண்டு பேரும் மசாலாவையே பேசறீங்க, அடியில என்ன பீர்னு யாருமே கேக்கல. மசாலா பீர் சொதப்பறதுக்கு முக்காவாசிக் காரணம் மால்ட்தான். மெலிஞ்ச பீர்ல பட்டை கிராம்பு போட்டா கஷாயம்தான் வரும். மால்ட்தான் மாப்பிள்ளை, மசாலா கூட நிக்கிற தோழன், அவ்ளோதான்.

புதுப்பானை, நான் போட்டா இப்படித்தான் போடுவேன், 20 லிட்டருக்கு, மாஷ் எஃபிஷியன்சி (மால்ட்ல இருக்கிற சர்க்கரைல நமக்குக் கிடைக்கிற பங்கு) 70 சதவீதம்னு வச்சுக்கிட்டு: பேல் ஏல் மால்ட் 4.8 கிலோ, ம்யூனிக் மால்ட் 1.1 கிலோ, மீடியம் கிரிஸ்டல் மால்ட் 400 கிராம், ஸ்பெஷல் பின்னு ஒரு கருத்த கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், சாக்லேட் மால்ட் 50 கிராம், கொதி முடியறப்போ தேன் 400 கிராம். ஒரிஜினல் கிராவிட்டி (ஃபெர்மென்ட் ஆகறதுக்கு முன்னாடி வொர்ட்டோட அடர்த்தி) 1.074 பக்கம் வரும். 67 டிகிரில மாஷ் பண்ணீங்கன்னா ஃபெர்மென்ட் முடியறப்போ 1.018ல நிக்கும், கழிச்சு 131.25ஆல பெருக்கினா 7.3 சதவீதம் சொச்சம் ஆல்கஹால், நீங்க கேட்டது. ஸ்பெஷல் பில உலர்திராட்சை, கருகின சர்க்கரை வாசம் வரும், அந்த வாசம் பட்டையோட சேரும்போது மசாலா கம்மியா இருந்தாலே போதும்னு ஆயிடும்.

ஹாப்ஸ்ல கை இறுக்கமா இருங்க. 60 நிமிஷத்துக்கு ஒரே தடவை, 10 சதவீத ஆல்பா ஆசிட் உள்ளதுன்னா 30 கிராம், 28 ஐபியு (கசப்பை அளக்கற அலகு) பக்கம் வரும். மசாலாவும் ஆரஞ்சு தோலும் தன் பங்குக்கு ஒரு கசப்பும் துவர்ப்பும் கொண்டு வரும், அதுக்கு இடம் விடணும். கடைசில வாசனைக்குன்னு சிட்ரஸ் ஹாப்ஸ் கொட்டறதெல்லாம் வேண்டாம்.

ஹாப்ஸ்கொடி

ஒரு மாற்றுக் கருத்து, கோவிச்சுக்காதீங்க. கிறிஸ்துமஸ் பீர்னா மசாலா இருந்தே ஆகணுமா? சாமிக்லாவுஸ்னு ஒரு பீர் இருக்கு, வருஷத்துல ஒரே நாள், டிசம்பர் 6, செயின்ட் நிக்கோலஸ் நாள் அன்னைக்குத்தான் ப்ரூ பண்ணுவாங்க. சுவிட்சர்லாந்துல ஹூர்லிமான் ப்ரூவரி 1979ல ஆரம்பிச்சது, அங்க நிறுத்தினப்புறம் 2000ல இருந்து ஆஸ்திரியால எக்கன்பெர்க் கோட்டை ப்ரூவரி போடுது. 14 சதவீதம், மாசக்கணக்கா குளிர்ல கிடந்து அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரும். ஒரு பட்டை இல்ல, ஒரு கிராம்பு இல்ல, மால்ட்டும் காலமும் மட்டும்தான். உலர்பழம், கேரமல், லேசா ஒரு சூடு, எல்லாம் தானா வருது. 1516 பவேரியா சட்டத்துல பார்லி, ஹாப்ஸ், தண்ணி தவிர எதுவும் கூடாதுன்னு சொன்ன மண்ணுக்குப் பக்கத்துல இருந்து வந்த பீர், அந்த மரபு அப்படி.

நுரைப்பிரியை

ஹாப்ஸ்கொடி, சாமிக்லாவுஸ் பெரிய பீர்தான், மறுக்கல. ஆனா மரபுன்னு பேசினா ஹாப்ஸே பின்னாடி வந்ததுதான். ஹாப்ஸ் பரவறதுக்கு முன்னாடி ஐரோப்பால க்ரூட்னு மூலிகைக் கலவை போட்டுத்தான் பீர் காய்ச்சினாங்க, போக் மிர்ட்டில் (bog myrtle), யாரோ (yarrow) மாதிரி செடிகள். இங்கிலாந்துல வாசெய்ல்னு குளிர்காலத்துல ஏலைச் சூடாக்கி ஜாதிக்காய், இஞ்சி, சர்க்கரை, சுட்ட ஆப்பிள் எல்லாம் போட்டுக் குடிச்ச பழக்கம் இருந்துச்சு. மசாலா பீருக்கும் தாத்தா பாட்டி உண்டு.

சான் ஃபிரான்சிஸ்கோ ஆங்கர் ப்ரூவரியோட கிறிஸ்துமஸ் ஏலையும் எடுத்துக்கோங்க. 1975ல இருந்து வருஷா வருஷம் ரெசிபியையும் மாத்துவாங்க, லேபிள்ல இருக்கிற மரத்தையும் மாத்துவாங்க, என்ன போட்டோம்னு வாயே திறக்க மாட்டாங்க. 2023ல ப்ரூவரிய மூடினப்போ ரொம்பப் பேருக்கு மனசு கஷ்டமா போச்சு, எனக்கும்தான். ஒவ்வொரு வருஷமும் அதுல என்ன இருக்கும்னு மூக்கை வச்சு யோசிக்கறதே ஒரு சந்தோஷமா இருந்துச்சு. வீட்ல போடறவங்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்ல, மசாலா இருக்குன்னு தெரியணும், எந்த மசாலான்னு சட்டுன்னு சொல்ல வரக்கூடாது.

புதுப்பானை

அருமை, இவ்ளோ எதிர்பார்க்கல. கிராவிட்டி அண்ணா, அந்த மால்ட் பில்லை, அதான் மால்ட் பட்டியலை, அப்படியே எடுத்துக்கறேன். ஈஸ்ட் என்ன போடட்டும்? பெல்ஜியன் ஈஸ்ட் ஒரு பாக்கெட் கைல இருக்கு, கிறிஸ்துமஸ் பீருக்கு அதுதான் பொருத்தம்னு ஒருத்தர் சொன்னார்.

நுரைப்பிரியை அக்கா, டிங்க்சரை எப்படி அளக்கறது? 20 லிட்டருக்கு எத்தனை மில்லின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? அதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லுங்க, அங்கதான் எனக்கு பயம்.

கிராவிட்டி1080

பெல்ஜியன் ஈஸ்ட் தப்பில்ல, ஆனா அது கையோட ஒரு கிராம்பு வாசத்தையும் கொண்டு வரும். அந்த வகை ஈஸ்ட்ல நிறைய, கோதுமை பீர் ஈஸ்ட்டும் அப்படித்தான், மால்ட்ல இருக்கிற ஃபெருலிக் ஆசிட்டை 4-வினைல் குவாயகாலா மாத்தும், அது மூக்குக்கு அச்சு அசல் கிராம்புதான். அதோட மேல நீங்க வேற கிராம்பு போட்டா ரெட்டிப்பு. பெல்ஜியன் போடறதா இருந்தா கிராம்பை முழுசா விட்டுடுங்க, பட்டை, ஆரஞ்சு தோல், வேணும்னா கொத்தமல்லி விதை 10 கிராம் நசுக்கிப் போட்டா போதும்.

மசாலாவை நீங்களே ஆளணும்னா சுத்தமா ஃபெர்மென்ட் ஆகிற ஈஸ்ட் போடுங்க, யுஎஸ்-05 இல்லைன்னா நாட்டிங்ஹாம். 1.074க்கு ஒரு பாக்கெட் பத்தாது, 11.5 கிராம் பாக்கெட் ரெண்டு போடுங்க. கம்மி ஈஸ்ட்டை இவ்ளோ சர்க்கரைல விட்டா அது திணறும், சூடான ஆல்கஹால் நெடி வரும், அந்த நெடி மசாலாவோட சேர்ந்தா தொண்டையப் பிடிக்கும். முதல் மூணு நாளு 18 டிகிரி தாண்ட விடாதீங்க, அப்புறம் மெதுவா 20க்கு விடலாம்.

நுரைப்பிரியை

புதுப்பானை, இதோ. பொறுமையா படிங்க, நீளமா எழுதறேன், ஆனா இந்தப் பீரோட உயிரே இதுலதான் இருக்கு.

பாட்டில் பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி சின்ன கண்ணாடி பாட்டில்ல தனித்தனியா ஊறப்போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் 60 மில்லி வோட்கா. பட்டை 10 கிராம் கையால ஒடிச்சுப் போடுங்க, பொடி வேண்டாம். பட்டைப் பொடி ஈரத்துல கொழகொழன்னு ஆகி வடிகட்டவே முடியாது, பீர்ல போனா அடில சேறா நிக்கும். கிராம்பு 6. ஏலக்காய் 6, விதை வெளில தெரியற அளவுக்கு நசுக்கி. ஆரஞ்சு ஒண்ணோட மேல்தோல் மட்டும், வெள்ளைச் சதை ஒட்டக்கூடாது, அதுல இருந்துதான் வறட்டுக் கசப்பு வரும், தோல்ல மெழுகு பூசியிருந்தா வெந்நீர்ல நல்லா தேச்சுக் கழுவிடுங்க. இஞ்சி 15 கிராம் மெல்லிசா சீவி. ஜாதிக்காயை அன்னன்னைக்கு துருவணும், முன்னாடியே பொடிச்சு வச்சதுல ஒண்ணும் இருக்காது, கால் டீஸ்பூன் போதும்.

எல்லாம் ஒரே வேகத்துல இறங்காது. கிராம்பு ரெண்டு நாள்ல கரும்பழுப்பா ஆயிடும், மோந்து பாத்து சுரீர்னு இருந்தா அப்பவே வடிகட்டிடுங்க, விட்டா மரப்பட்டைக் கசப்பு ஏறும். ஆரஞ்சும் ரெண்டு மூணு நாள், தோல் வெளுத்துப் போய் வோட்கா மஞ்சளாயிடும், அதுதான் அடையாளம். பட்டைதான் சோம்பேறி, அஞ்சு ஆறு நாள் ஆகும், தேன் நிறம் வந்தப்புறம் எடுங்க.

இப்போ அளக்கறது. ஃபெர்மென்ட்டர்ல இருந்து அரை லிட்டர் பீர் எடுத்து அஞ்சு கிளாஸ்ல சரியா 100 மில்லி ஊத்திக்கோங்க. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வேணும். முதல் கிளாஸ் சும்மா, ஒப்பிட்டுப் பாக்க. பட்டைச் சாறை மட்டும் எடுத்து ரெண்டாவதுல 0.1, மூணாவதுல 0.2, நாலாவதுல 0.3, அஞ்சாவதுல 0.4 மில்லி விட்டு ஒரு சுத்து சுத்தி, ரெண்டு நிமிஷம் விட்டு, மோந்து, அப்புறம் ஒரு வாய். எந்தக் கிளாஸ்ல முதல் தடவையா "ஆங், ஏதோ இருக்கு"ன்னு தோணுதோ அதுதான் உங்க கிளாஸ், அதுக்கு அடுத்தது எப்பவுமே அதிகம். 0.3 பிடிச்சிருந்தா 100 மில்லிக்கு 0.3, ஒரு லிட்டருக்கு 3, 20 லிட்டருக்கு 60 மில்லி. பட்டை முடிவானப்புறம் அந்த அளவு பட்டையோட புது கிளாஸ் எடுத்து ஆரஞ்சு, அப்புறம் இஞ்சி, ஏலக்காய். ஜாதிக்காயும் கிராம்பும் கடைசி, கிராம்பு 0.05ல இருந்து ஆரம்பிங்க.

நடுவுல தண்ணி குடிச்சு வாயைக் கழுவுங்க. ஒரே மூச்சுல எல்லாத்தையும் பண்ணாதீங்க, நாலஞ்சு கிளாஸுக்கு மேல நாக்கு ஏமாத்தும். முடிஞ்சா வீட்ல வேற யாரையாவது கூப்பிட்டு, எந்தக் கிளாஸ்ல எவ்வளவுன்னு சொல்லாம குடுத்துப் பாருங்க.

ஏர்லாக்

அக்கா சொல்றது நியாயமான முறைதான், ஆனா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இவ்வளவு வோட்கா ஊத்தினா பீர்ல வோட்கா வாடை வராதா? ரெண்டு, நீங்க ருசி பாக்கறது கேஸ் இல்லாத பீரை. கேஸ் ஏறினப்புறம் வாசம் மேல தூக்கும், அப்போ கணக்கு மாறிடுமே.

நுரைப்பிரியை

வோட்கா பத்தி கவலைப்பட வேண்டாம். எல்லாச் சாறும் சேர்ந்து 100 மில்லின்னு வச்சாலும் அதுல சுத்த ஆல்கஹால் 40 மில்லி, 20 லிட்டர்ல 0.2 சதவீதம். 7 சதவீதத்துக்கு மேல இருக்கிற பீர்ல அது தெரியவே தெரியாது.

ரெண்டாவது கேள்வி ரொம்ப சரியான கேள்வி. ஆமா, கேஸ் ஏறினா வாசம் தூக்கலாத் தெரியும். அதனாலதான் கணக்குல வந்ததுல முக்கால்வாசிதான் ஊத்தணும், 60 வந்தா 45. மிச்சத்தை வச்சிருங்க. நல்லா உறுதியா வேணும்னா அந்த கிளாஸ் பீர்ல கொஞ்சம் சோடா இயந்திரத்துல கேஸ் ஏத்தி ருசி பாருங்க, நுரை பொங்கும், பாத்து. சாம்பிளைக் குளிர்ச்சியாவும் ருசி பாக்காதீங்க, குளிர்ல மசாலா பதுங்கும். இந்தப் பீரைக் குடிக்கிற சூடு 10ல இருந்து 13 டிகிரி, அதுலயே ருசி பாருங்க.

கிராவிட்டி1080

நான் நடுவுல ஒரு வழி சொல்றேன், சண்டை முடியும். இஞ்சியும் ஆரஞ்சு தோல்ல பாதியும் கொதியோட கடைசி 5 நிமிஷத்துல போகட்டும், ஏர்லாக் சொல்ற அந்தக் கலந்த அடித்தளம் வரும், இந்த ரெண்டும் கொஞ்சம் கூடினாலும் பீரைக் கெடுக்காது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் நாலும் டிங்க்சர். கிராம்பு முக்கியமா டிங்க்சர், ஏன்னா கூடிட்டா திரும்பி வர வழியில்லாத மசாலா அது ஒண்ணுதான்.

ஏர்லாக்

அந்த ஏற்பாடு எனக்கு சம்மதம். கிராம்பை மட்டும் கொதியில இருந்து எடுத்துடறதுல அர்த்தம் இருக்கு, அது விஷயத்துல அக்கா சொன்னதை ஏத்துக்கறேன். பட்டையை மட்டும் நான் கொதியிலதான் போடுவேன், அந்த மங்கின பட்டை வாசம்தான் எனக்குப் பிடிச்சதே.

ஹாப்ஸ்கொடி

சரி, மசாலா போடறதுன்னு முடிவாயிடுச்சு, நானும் உதவறேன். பட்டைல ரெண்டு வகை இருக்கு, பாத்து எடுங்க. தடிச்ச ஒத்தைப் பட்டையா, உரிச்சா கடினமா இருக்கிறது காசியா, காரமும் நெடியும் அதிகம். மெல்லிசா பல அடுக்கு சுருண்டு கையால நொறுங்கறது சிலோன் பட்டை, மென்மையா லேசா பூ வாசத்தோட இருக்கும். கருப்பு மால்ட் நிறைய உள்ள பீருக்கு காசியா ஈடு குடுக்கும், இந்த செம்பழுப்பு பீருக்கு சிலோன் பட்டைதான் என் தேர்வு.

அன்னாசிப்பூ பத்தி யாரும் சொல்லல. போட்டா முழுசா ஒண்ணு போதும், அதுக்கு மேல போனா பீர் பூரா சோம்பு வாடைதான். முதல் தடவை போடறவங்க அதை விட்டுடறது நல்லது.

புதுப்பானை

எல்லாருக்கும் நன்றி. ஒருவேளை எல்லாம் பாட்டில் பண்ணினப்புறம் கிராம்பு தூக்கலாத் தெரிஞ்சா என்ன வழி? அப்புறம் கிறிஸ்துமஸுக்குத் தயாராகணும்னா எப்போ ஆரம்பிக்கணும்?

நுரைப்பிரியை

பாட்டில்ல போனப்புறம் காலம்தான் மருந்து. ஆரஞ்சு முதல்ல மங்கும், அப்புறம் இஞ்சி, பட்டையும் கிராம்பும் கடைசி வரை நிக்கும், ஆனா மாசம் போகப் போக முனை மழுங்கும். பாட்டில் பண்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா வழி சுலபம், அதே மால்ட்ல மசாலா இல்லாம ஒரு பேட்ச் போட்டு ரெண்டையும் கலந்துடறது. சர்க்கரை போட்டு மறைக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு பாட்டில் வெடிக்கும்.

கிராவிட்டி1080

நாள் கணக்கு: அக்டோபர் நடுவுக்குள்ள ப்ரூ பண்ணிடுங்க. ஃபெர்மென்ட்டர்ல மூணு வாரம், நவம்பர் முதல் வாரம் பாட்டில், அப்புறம் ஆறு ஏழு வாரம் பாட்டில்ல கிடக்கணும். இவ்ளோ ஸ்ட்ராங் பீர்ல ஈஸ்ட் களைச்சுப் போயிருக்கும், கேஸ் ஏற மெதுவாத்தான் ஏறும், முதல் மூணு வாரம் 20 டிகிரி பக்கம் வைங்க, ஃபிரிட்ஜுக்கு அவசரப்படாதீங்க.

பாட்டில் பண்றதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கற கருவி) மூணு நாள் ஒரே எண் காட்டணும். தேன் வேற போட்டிருக்கீங்க, பாதில பாட்டில் பண்ணினா ஆபத்து. பாட்டில்ல கேஸ் ஏறறதுக்குப் போடற ப்ரைமிங் சர்க்கரை 115 கிராம், சாதா வெள்ளைச் சர்க்கரை, 20 லிட்டருக்கு. அது 2.3 வால்யூம் கேஸ் (பீரோட அளவைப் போல 2.3 மடங்கு) குடுக்கும். இந்த வகை பீருக்கு அதுக்கு மேல வேண்டாம், கேஸ் அதிகமானா கிராம்பும் இஞ்சியும் நாக்கைக் கடிக்கும்.

இன்னொரு விஷயம், மசாலாச் சாறு சேர்க்கறேன்னு பீரைத் திறந்து போட்டு கலக்காதீங்க. காத்து பட்டா ரெண்டு மாசத்துல ஈரமான அட்டை வாடை வரும், அதோட எந்த மசாலாவும் சேராது.

புதுப்பானை

அப்போ சாறை எப்போ எப்படி சேர்க்கறது? சர்க்கரைத் தண்ணியோடயா, தனியாவா? ஃபெர்மென்ட்டர்லயே ஊத்தலாமா?

நுரைப்பிரியை

ஃபெர்மென்ட்டர்ல வேண்டாம், அடில இருக்கிற ஈஸ்ட்டைக் கலக்கிடும். பாட்டில் பண்ற பக்கெட்டை சானிடைஸ் பண்ணி, சர்க்கரையை ஒரு கப் தண்ணில கொதிக்க வச்சு ஆற வச்சு அதுல ஊத்துங்க, நல்லா ஆறினப்புறம் அதோட டிங்க்சரையும் ஊத்துங்க, சூட்டுல ஊத்தினா வாசம் கிளம்பிப் போயிடும். அப்புறம் பீரை ட்யூப் வழியா பக்கெட்டோட அடில ஓரமா விடுங்க, ட்யூப் முனை பீருக்குள்ளயே முங்கி இருக்கணும், பீர் தானா சுத்திக்கிட்டே ஏறும்போது ரெண்டும் கலந்துடும். முக்கால் பக்கெட் நிறைஞ்சதும் சானிடைஸ் பண்ணின கரண்டியால மெதுவா ரெண்டு சுத்து, நுரை வராம. அந்த நேரத்துல ஒரு கிளாஸ் எடுத்து ருசி பாருங்க. சர்க்கரை சேர்ந்ததால லேசா இனிப்பா இருக்கும், அதைக் கழிச்சுப் பாருங்க. பட்டை குறையுதுன்னு தோணினா மிச்சம் வச்ச சாறுல அஞ்சு மில்லி கூட்டலாம். கிராம்பை மட்டும் அந்த நேரத்துல தொடாதீங்க.

கடைசி அஞ்சாறு பாட்டிலை நிரப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை மெதுவா கலக்கிக்கோங்க, சாறுல இருக்கிற எண்ணெய் கொஞ்சம் மேல மிதக்கும், இல்லைன்னா கடைசி பாட்டில் மட்டும் தனி பீரா இருக்கும். மூடி போட்டதும் மூடி மேல தேதி எழுதிடுங்க, ஒரு நாலு பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைங்க.

புதுப்பானை

புரிஞ்சது அக்கா. மால்ட் பில் கிராவிட்டி அண்ணாவோடது, ஈஸ்ட் யுஎஸ்-05 ரெண்டு பாக்கெட், இஞ்சியும் பாதி ஆரஞ்சும் கொதியில, சிலோன் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், மிச்ச ஆரஞ்சு டிங்க்சர்ல. ஏர்லாக், உங்களுக்காக கொதியில 2 கிராம் பட்டையும் போடறேன், அது என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். டிங்க்சர் ருசி பாத்தப்புறம் எந்தெந்தக் கிளாஸ் பிடிச்சதுன்னு இங்கயே எழுதறேன்.

ஏர்லாக்

2 கிராம் போதாது, 4 போடுங்க ப்ரோ. அப்படிப் போட்டா டிங்க்சர் ருசி பாக்கும்போது அந்தச் சும்மா கிளாஸ்லயே பட்டை கொஞ்சம் இருக்கும், அதனால பட்டையை 0.05ல இருந்து ஆரம்பிங்க.